காற்றுக்கு ஒரு பங்கு

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவைக்குள் யாரையும் கேட்டு நுழைவதில்லை. மாடியில் காயும் வேட்டியைக் கொடியோடு சேர்த்து உதறும். தென்னை ஓலைகளையெல்லாம் கிழக்குப் பார்த்து வாரிவிடும். பல்லடம், கேத்தனூர், பூலவாடி, குடிமங்கலம் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் ஒரே முகமாய் மேற்கைப் பார்த்துச் சுழலும். மேற்குத் தொடர்ச்சி மலை சுவராக நிற்கிற இடத்தில், சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இயற்கை திறந்துவைத்த வாசல் அது. அரபிக் கடலின் மூச்சு அந்த வாசல் வழியாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது. கோவைக்குக் கடல் இல்லை. கடலின் காற்று உண்டு.

அந்தக் காற்றைக் கேட்டபடியே நானும் என் மனைவியும் ஒரு கடல் பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். கிரேக்கத் தீவுகளுக்கு இடையே, சிறிய பாய்மரப் படகு ஒன்றில், எங்கள் இருவரோடு மூன்றாவது ஆள் இல்லாமல் இரண்டு வாரம். பிள்ளைகள் தத்தம் வழியில் போய்விட்ட வீட்டில், கடல் வரைபடத்தைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் பித்தளைச் செம்பு வைத்து அழுத்திக்கொண்டு மாலை வேளைகளைக் கழிக்கிறோம். ஓய்வுக்கான சுற்றுலா என்றுதான் தொடங்கினோம். நாளாக நாளாக, இந்தத் திட்டமிடலே ஒரு வழிபாடாக மாறி வருவதை உணர்கிறேன்.

பூஜையில் உட்கார்ந்ததும் முதலில் சங்கற்பம் செய்துகொள்கிறோம். எந்த நாடு, எந்த நதியின் கரை, எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த நட்சத்திரம், யாருக்காக, எதற்காக என்று ஒன்றுவிடாமல் சொல்கிறோம். அவ்வளவு துல்லியமாகச் சொல்லி முடித்த கையோடு, கைக்குள் இருந்த அட்சதையையும் நீரையும் கீழே விட்டுவிடுகிறோம். இறுகப் பிடிப்பதும் முழுதாக விடுவதும் ஒரே நிமிடத்தில் நடக்கின்றன. நல்ல பயணத் திட்டத்துக்கும் இதுவே இலக்கணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிடிக்க வேண்டியதை முதலில் சொல்கிறேன். கிரேக்கத் தீவு என்றதும் நம் கண்ணுக்கு வருவது வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமும். அவை பெரும்பாலும் ஈஜியன் கடலின் நடுவிலுள்ள சைக்கிளேட்ஸ் தீவுகளின் படங்கள். சாண்டோரினி, மைக்கோனோஸ், பாரோஸ், நாக்ஸோஸ் எல்லாம் அங்கேதான். ஏதென்ஸை ஒட்டிய சரோனிக் வளைகுடாவில் ஏஜினா, போரோஸ், ஹைட்ரா இருக்கின்றன. நாட்டின் மேற்குக் கரையில், அயோனியன் கடலில், கோர்ஃபு, பாக்ஸோஸ், லெஃப்கடா, இதாகா, கெஃபலோனியா. மூன்றும் மூன்று சுபாவம். எந்தக் கடலுக்குப் போவது என்பது அழகைப் பார்த்து முடிவு செய்கிற காரியம் என்று நினைத்திருந்தோம். அது காற்றைப் பார்த்துத்தான் முடிவாகிறது.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஈஜியன் கடலில் வடக்கிலிருந்து ஒரு காற்று வீசும். பெயர் மெல்டெமி. வானத்தில் மேகம் இருக்காது, மழை வராது, வெயில் பளிச்சென்று அடிக்கும். காற்று மட்டும் நாள் கணக்கில் ஓயாது. அது மூர்க்கமாகும் நாட்களில் சின்னப் படகுகள் துறையைவிட்டு வெளியே வருவதே இல்லை. நம் ஊரில் அம்மியும் பறக்கும் என்று சொல்கிற அதே ஆடியில்தான் அங்கும் அந்தக் காற்றின் உச்சம்.

இரண்டும் ஒரே காலத்தில் வீசுவது தற்செயல் இல்லை. கோடையில் ஆசியாவின் பெருநிலம் சூடேறுகிறது. பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கம் காற்றழுத்தம் தாழ்கிறது. அந்தத் தாழ்வுதான் அரபிக் கடலின் ஈரக் காற்றை நம்மை நோக்கி இழுக்கிறது. அதே தாழ்வின் மேற்கு முனை ஈரானைத் தாண்டித் துருக்கி வரைக்கும் நீள்கிறது. பால்கன் பக்கத்து உயரழுத்தத்துக்கும் துருக்கிப் பக்கத்துத் தாழ்வுக்கும் நடுவே பாய்வதுதான் மெல்டெமி. கேத்தனூர்க் காற்றாலையைச் சுற்றுகிற காற்றும் நாக்ஸோஸ் துறையில் படகுகளைக் கட்டிவைக்கிற காற்றும் ஒரே வெப்பத்தின் இரண்டு பிள்ளைகள். இதை அறிந்த நாளிலிருந்து, மாடிக் கதவு படபடக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு தூரத்துத் துறையில் பாய்மரக் கயிறுகளும் படபடப்பதாக மனசுக்குள் ஒரு நினைவு ஓடுகிறது. உலகம் ஒரே மூச்சில் இயங்குகிறது என்று பெரியவர்கள் சொன்னது, வானிலை வரைபடத்திலும் எழுதியிருக்கிறது.

இந்த உறவை உடம்பால் அறிந்தவர்கள் யவன மாலுமிகள். எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து ஜூலை மாதம் கிளம்பி, தென்மேற்குக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு அவர்கள் நம் மேற்குக் கரையிலிருந்த முசிறித் துறைக்கு வந்தார்கள். செங்கடலின் வாயிலிலிருந்து 40 நாள் பயணம் என்று ரோம நாட்டு பிளினி எழுதிவைத்திருக்கிறார். முசிறியிலிருந்து சரக்கும் காசும் கணவாய் வழியாகக் கொங்குக்குள் வந்தன. நொய்யல் கரையில் கொடுமணல் என்ற சிற்றூரில் கல்மணிகள் பட்டை தீட்டிய பட்டறைகளை அகழாய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். காங்கயம் பக்கத்துப் படியூரில் அந்தக் காலத்தில் பச்சைக்கல் வெட்டி எடுத்தார்கள். கோவை வெள்ளலூரில் அகஸ்டஸ், டைபீரியஸ் முகம் பொறித்த வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன.

வந்தவர்கள் அவசரப்பட்டு ஊர் திரும்பவில்லை, திரும்பவும் முடியாது. காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசும் வரை காத்திருந்தார்கள். மாதக்கணக்கான அந்தக் காத்திருப்பு அவர்கள் திட்டத்துக்குள்ளேயே இருந்தது. அதைத் தாமதம் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். ஒரு நாள் விமானம் தாமதமானால் கொதித்துப்போகிற நமக்கு, அந்த மனசைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்தாலே நெஞ்சு ஆறுகிறது.

ஆடியில் நம் குடியானவர்கள் விதைப்பார்கள். புதுத் தொழில் தொடங்க மாட்டார்கள், கல்யாணம் வைக்க மாட்டார்கள். நாங்களும் ஆடியை விதைப்புக்கு விட்டுவிட்டோம். பயணம் புரட்டாசியில். செப்டம்பர் பாதிக்கு மேல் அங்கே கூட்டம் குறையும். கோடை முழுக்கச் சூடேறிய கடல்நீர் இன்னும் இளஞ்சூடாக இருக்கும். கடலும் முடிவாகிவிட்டது: அயோனியன். அங்கே காலையில் நீர் அசையாது. உச்சி சாய்ந்த பிறகு வடமேற்கிலிருந்து மிதமான காற்று எழுந்து, பொழுது சாயும்போது அடங்கும். லெஃப்கடாவில் படகேறி, மெகனீசி, இதாகா, கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்டோ என்று ஒரு சின்னச் சுற்று. ஒரு நாளைக்கு 15 கடல் மைல், மிஞ்சினால் 20. மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். படகுகள் வாரக் கணக்கில், பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கிடைக்கும். இவையெல்லாம் பிடிக்க வேண்டியவை, பிடித்தாயிற்று.

இனி இருவர் என்ற விஷயம். மாலுமி இல்லாமல் படகை மட்டும் வாடகைக்கு எடுப்பதற்குக் கிரேக்க நாட்டில் ஒரு விதி உண்டு. ஒருவரிடம் உரிமம் இருந்தால் மட்டும் போதாது. கூட வருகிற இன்னொருவருக்கும் படகு செலுத்தத் தெரிந்திருக்க வேண்டும். இதை வாசித்துக் காட்டியதும் என் மனைவி சொன்னாள்: “ஏனுங்க, நீங்க மட்டும் படிச்சுப் போட்டு வந்து எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நானும் கூடவே வந்து படிக்கறேனுங்க.” முப்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து புதிதாக ஒன்றைக் கற்பது எத்தனை பெரிய வரம்! கற்கும்போது யாரும் மூத்தவர் இல்லை. கயிற்றில் முடிச்சுப் போடும்போது அவள் கை என் கையைவிட வேகமாகப் பழகுகிறது, பூத்தொடுத்த கை.

அந்தத் துறைகளில் படகு நிறுத்துகிற முறை ஒன்று உண்டு. கரைக்கு ஐம்பது மீட்டர் முன்பே நங்கூரத்தை இறக்கி, சங்கிலியை விட்டுக்கொண்டே படகைப் பின்பக்கமாகக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். ஒருவர் பின்னால் சுக்கானில். மற்றவர் முன்முனையில், சங்கிலியில். நடுவில் இயந்திரச் சத்தமும் காற்றும். கத்தினாலும் காதில் விழாது. விழுந்தாலும் கோபமாகத்தான் விழும். அதனால் கைக்குறிகள். உள்ளங்கை கீழ்நோக்கினால் ‘இன்னும் விடு’. மூடிய கை ‘நிறுத்து’. நீட்டிய கை சங்கிலி போகிற திசை. கட்டைவிரல் உயர்ந்தால் நங்கூரம் பிடித்துவிட்டது. மாடியில் இந்த முனையில் அவளும் அந்த முனையில் நானுமாக நின்று இதைப் பழகுகிறோம். ஒரு வார்த்தை பேசாமல், மற்றவர் கையையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கால் மணி நேரம், நாங்கள் சேர்ந்து செய்கிற தியானம் போல ஆகிவிட்டது. இத்தனை கவனமாக ஒருவர் கையை ஒருவர் கடைசியாகப் பார்த்தது தாலி கட்டிய மணவறையில்தான் இருக்கும்.

திருச்செங்கோட்டு மலைமேல் நிற்கிற இறைவன் பாதி ஆண், பாதி பெண். கேதார கௌரி விரதமிருந்து அம்மை இடப்பாகம் பெற்றாள் என்று தலபுராணம் சொல்கிறது. இருவரில் யார் பெரியவர் என்ற கேள்விக்கு அந்தச் சந்நிதியில் இடமே இல்லை. ஏறத்தாழ 1,200 படிகள் ஏறுகிற அந்த வழியில் அறுபதாம் படி என்று ஓரிடம் உண்டு. அங்கே செய்த சத்தியத்தை வழக்குகளில் முடிந்த முடிவாக ஏற்றுக்கொண்ட காலம் இருந்தது. கற்பூரம் ஏற்றி நாங்களும் அங்கே ஒரு வார்த்தை கொடுத்துக்கொண்டோம். இன்று கிளம்ப வேண்டாம் என்று இருவரில் ஒருவருக்குத் தோன்றினால், மற்றவர் காரணம் கேட்காமல் கரையில் தங்கிவிட வேண்டும். கடலில் பழகியவர்கள் பாதுகாப்புக்காகச் சொல்கிற விதி இது. அர்த்தநாரீஸ்வரர் முன்னால் சொன்னபோது, குடும்பத்துக்கே இதைவிட நல்ல விதி கிடையாது என்று தோன்றியது. மறுக்கிற உரிமை இருவருக்கும் இருக்கிற வீட்டில்தான் சம்மதத்துக்கு மதிப்பு வருகிறது.

இருவர் படகு என்றதும் தாரிணி நினைவுக்கு வராமல் இருக்காது. 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து இந்தியக் கடற்படையின் பாய்மரப் படகு தாரிணி உலகைச் சுற்றக் கிளம்பியது. உள்ளே இரண்டே பேர்: கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. ஃப்ரீமேண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று நான்கே துறைகளில் நின்று, 25,000 கடல் மைலுக்கும் மேல் ஓடி, 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். பசிபிக் நடுவே, எந்தக் கரையிலிருந்தும் மிகத் தொலைவான நீமோ புள்ளியையும் கடந்து போனார்கள். அந்தப் பயணத்துக்குப் பின்னால் மூன்றாண்டுப் பயிற்சி இருந்தது. படகுக்குப் பெயர் தந்த தாரா தாரிணி, ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் ருஷிகுல்யா ஆற்றங்கரைக் குன்றின்மேல் இரட்டையராக வீற்றிருக்கும் தேவியர். கடலோடிகளுக்குக் காவல் தெய்வம்.

நெடும்பயணத்தில் இரண்டே பேர் இருக்கிற படகில், ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருக்க வேண்டும். விழித்திருப்பவரின் கடமையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். தூங்குகிறவரின் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். மேலே விழித்திருப்பது மனிதர் ஒருவர். அவரை நம்பிக் கண்ணை மூடுவதற்கு எத்தனை பெரிய மனசு வேண்டும்! அதுவும் சரணாகதிதான். கடவுளிடம் சரண் புகுவதை நாம் மனிதரிடமிருந்துதான் பழகத் தொடங்குகிறோம். எங்கள் சுற்றில் இரவெல்லாம் துறையிலேயே கழியும். அந்த அளவு சோதனை எங்களுக்கு இல்லை. பகலில் அவள் சுக்கான் பிடிக்க, நான் நிழலில் கொஞ்சம் கண்ணயர வேண்டும் என்று திட்டத்தில் எழுதிவைத்திருக்கிறோம். எனக்கு அது பயிற்சி.

எடுத்துப்போகிற சுமையும் மனசைத் திருத்துகிறது. படகில் பெட்டி வைக்க இடமில்லை. மடித்து வைக்கக்கூடிய துணிப்பை ஆளுக்கு ஒன்று. தொட்டியில் இருக்கிற நல்ல தண்ணீர் அடுத்த துறை வரை வர வேண்டும். பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசினால் போதும். வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு இது புதிதில்லை. மூங்கில் தடியும் தோளில் ஒரு பையும் மட்டும் கொண்டு ஏழு மலை ஏறும்போது, கைதட்டிச் சுனையில் ஒரு கை நீர் அள்ளிக் குடித்து, இவ்வளவு போதும் என்று நிறைந்த நெஞ்சுதான் கடலுக்கும் வேண்டியிருக்கிறது.

இனி, விட வேண்டியது. நெல்லோ சோளமோ, களத்தில் தூற்றி முடித்ததும் கொங்குக் குடியானவர்கள் மூட்டை பிடிப்பதற்கு முன்பே சாமிக்கு என்று ஒரு பங்கை அள்ளி ஒதுக்கிவிடுவார்கள். மிச்சம் இருந்தால் பார்ப்போம் என்று வைத்துக்கொள்வதில்லை, முதலிலேயே எடுத்துவிடுவார்கள். நாட்காட்டியில் எங்கள் நாட்களைக் குறிக்கும்போது, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தீவின் பெயரை எழுதிக்கொண்டே போனேன். என் மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள். “காத்து வர்ற நாளுக்கு எங்கீங்க எடம் வெச்சிருக்கீங்க?” என்றாள். மூன்றில் ஒரு பங்கு நாட்களில் எதுவும் எழுதாமல் விட்டோம். அந்தக் கட்டங்களில் அவள் விரலால் மஞ்சள் தொட்டு வைத்தாள். காற்று மீறி வந்தால் அந்த நாளில் கரையில் இருப்போம். வராவிட்டால், அந்த நாள் எங்களுக்குப் பிரசாதம்.

ஹோமரின் ஒடிசியில் இதாகாவின் அரசன் ஒடிசியஸுக்குக் காற்றுக்கெல்லாம் அதிபதியான ஏயோலஸ் ஒரு வரம் தருகிறான். பாதகமான காற்றுகள் அத்தனையையும் ஒரு தோல்பைக்குள் கட்டிக் கொடுக்கிறான். சொந்த ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஒடிசியஸ் அசந்து தூங்க, உள்ளே பொன் இருக்கும் என்று நினைத்த ஆட்கள் பையை அவிழ்த்துவிடுகிறார்கள். வந்த தூரமெல்லாம் காற்று திருப்பி அடிக்கிறது. காற்றைக் கட்டிக் கையில் வைத்துக்கொண்டவனாலும் ஊர் சேர முடியவில்லை.

நம் நாட்டில் திருக்கொள்ளம்புதூரில் ஒரு கதை. ஆற்றில் வெள்ளம். ஓடக்காரர்கள் ஓடங்களைக் கட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். திருஞானசம்பந்தர் அடியார்களோடு ஓடத்தில் ஏறி, கட்டை அவிழ்த்துவிட்டுப் பதிகம் பாடினார். செலுத்துவார் இல்லாமலே ஓடம் அக்கரை சேர்ந்தது. ஐப்பசியில் இன்றும் அங்கே ஓடத் திருவிழா நடக்கிறது. அவர் எதையும் கட்டிவைக்கவில்லை, கட்டியிருந்ததை அவிழ்த்தார். ஞானக் குழந்தைக்குக் கிடைத்த அருள் அது. நமக்கு விதித்தது பணிவு. காலையும் மாலையும் வானிலை அறிக்கையைப் பார்த்து, அது சொல்வதற்குக் கீழ்ப்படிவதுதான் நம் போன்றவர்கள் பாடக்கூடிய பதிகம். தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் கடவுள்மேல் பாரத்தைப் போடுவது பக்தி ஆகாது. எல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் மிச்சமிருக்கிறதே, அதை அவனிடம் விடுவதுதான் பக்தி.

கிரேக்கம் எல்லோருக்கும் எட்டுகிற தூரம் இல்லை. எட்ட வேண்டும் என்பதும் இல்லை. காரமடையிலிருந்து மலைப்பாதையில் போனால் பரளிக்காடு; பில்லூர் அணை நீரில் வனத்துறை ஏற்பாட்டில் பழங்குடி மக்கள் பரிசல் ஓட்டுகிறார்கள். மூங்கில் பிளாச்சால் முடைந்த பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் துணைவரின் முகத்தைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். பவானி கூடுதுறையில் சங்கமேஸ்வரர் சந்நிதிக்கு வெளியே, காவிரியும் பவானியும் கலக்கிற படித்துறையில் இருவரும் சேர்ந்து ஒரு விடியற்காலையைக் கழிக்கலாம். அதற்கும் திட்டம் வேண்டும்.

எனவே வாசகருக்கு என் வேண்டுகோள் இதுதான். இந்த ஆண்டு உங்கள் துணையோடு ஒரு பயணத்துக்குத் திட்டமிடுங்கள். தூரம் எவ்வளவு என்பது முக்கியமில்லை. போகிற இடத்துக்கு வேண்டியதை இருவரும் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்கிற உரிமையை இருவரும் ஒருவருக்கொருவர் கொடுங்கள். நாட்காட்டியில் மூன்றில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கி, அதில் எதையும் எழுதாமல் விடுங்கள்.